காற்றுக்குழாய் சுத்தம்: யாரை நம்பி வீட்டுக்குள் விடுவது?

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். மைய ஏசி (ஒரே இயந்திரத்தின் குளிர்காற்றைக் குழாய்கள் வழியாக எல்லா அறைகளுக்கும் அனுப்பும் அமைப்பு) பொருத்திய பழைய வீடு ஒன்றை வாங்கி 8 மாதங்களாகக் குடியிருப்பதாகவும், மகனுக்கு இருமல் விடாமல் தொடர்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சென்ற வாரம் தாமாகவே தொலைபேசியில் அழைத்த ஒரு நிறுவனத்தார் மறுநாள் வந்து, கூரையில் காற்றுக்குழாயின் வாயை மூடியிருக்கும் கிரில் ஒன்றைக் கழற்றிக் கேமராவை உள்ளே விட்டுக் கறுப்பான ஒரு படத்தைக் காட்டி, "இது பூஞ்சை, இன்றே சுத்தம் செய்தால் பாதிக் கட்டணம், நாளை என்றால் முழுக் கட்டணம்" என்று சொன்னதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, நம்பகமான நிறுவனத்தை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டிருக்கிறீர்கள். திருப்பி அனுப்பியது மிகச் சரியான முடிவு. ஒரு காற்றுக்குழாயில் இன்று இருக்கும் அழுக்கு நாளையும் அப்படியேதான் இருக்கும். ஒரே இரவில் கட்டணம் இருமடங்காவதற்கு அதில் எந்தக் காரணமும் இல்லை.

ஏசி அமைப்புகளிலும் அவற்றின் டக்ட் (காற்றுக்குழாய்) வேலைகளிலும் 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில், உங்கள் கேள்விக்கு முன்பாக நிற்கும் இன்னொரு கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் குழாய்களைச் சுத்தம் செய்ய வேண்டிய தேவை இருக்கிறதா? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இது குறித்து வீட்டுக்காரர்களுக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. காற்றுக்குழாயைச் சுத்தம் செய்வது உடல்நலக் கேடுகளைத் தடுக்கும் என்பது இதுவரை நிறுவப்படவில்லை என்று அதில் வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ஆண்டுக் கணக்கு வைத்து வழக்கமாகச் செய்யாமல், தேவை ஏற்படும்போது மட்டும் செய்யுங்கள் என்பதே அதன் பரிந்துரை. குழாயின் உட்புறத்திலோ இயந்திரப் பகுதிகளிலோ கண்ணால் காணுமளவு பூஞ்சை படர்ந்திருந்தால், எலியோ பூச்சிகளோ உள்ளே குடியேறியிருந்தால், காற்றோட்டத்தை அடைக்கும் அளவுக்குத் தூசி சேர்ந்து கிரில் வழியாக அறைக்குள் கொட்டினால் சுத்தம் செய்யலாம் என்கிறது அது. குழாய்கள் திறந்து கிடந்தபோது வீட்டில் சுவர் இடிப்பு, தேய்ப்பு வேலைகள் நடந்திருந்தால் அதையும் நியாயமான காரணமாக என் அனுபவத்தில் சேர்த்துக்கொள்வேன். 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தாக வேண்டும் என்று தொழிலில் சொல்வதுண்டு. நான் நாள்காட்டியைப் பார்த்து இந்த வேலையைப் பரிந்துரைப்பதில்லை, குழாயைப் பார்த்துத்தான் சொல்வேன்.

இனி அந்தப் படத்திற்கு வருவோம். கறுப்பாக இருப்பதெல்லாம் பூஞ்சை அன்று. சத்தம் குறைவதற்காகவும் குளிர்ச்சி வெளியேறாமல் இருப்பதற்காகவும் பல குழாய்களின் உட்புறத்தில் கண்ணாடி இழைப் பட்டை ஒட்டப்பட்டிருக்கும். அதன் மேற்பூச்சு பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்தே கறுப்பு நிறத்தில்தான் வரும். சிறிய விளக்கு பொருத்திய கேமராவில் அந்தப் பூச்சும் நிழலும் மெல்லிய தூசியும் சேர்ந்து அச்சமூட்டும் காட்சியாகத் தெரிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது பூஞ்சைதானா என்பதை நிறத்தை மட்டும் வைத்து எவராலும் உறுதி சொல்ல முடியாது. சந்தேகமான இடத்தில் ஒளிபுகும் சாதாரண ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்து, நுண்ணுயிர்ப் பரிசோதனைக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினால் அங்கே நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அந்தக் கூடத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். சுத்தம் செய்து பணம் பெறப்போகிறவரே பரிசோதகராகவும் இருப்பது எனக்கு உடன்பாடில்லை.

அறைக் காற்றை உள்ளே இழுக்கும் ரிட்டர்ன் கிரில்லில் தூசி அப்பியிருப்பதைக் காட்டி அச்சுறுத்துவதும் வழக்கமாக நடப்பதுதான். அந்த வழியாகத்தான் வீட்டுத் தூசி முழுவதும் இழுக்கப்படுகிறது என்பதால் அங்கே தூசி படிவது இயல்பு. குழாய் முழுவதும் கெட்டுவிட்டது என்பதற்கு அது சான்றாகாது. கிரில்லைக் கழற்றிக் கழுவி மாட்டினால் போதும். நீங்கள் பார்க்க வேண்டியது குளிர்ந்த காற்றை அறைக்குள் விடும் சப்ளை கிரில்லின் பின்புறம். ஏசியை நிறுத்திவிட்டு இரண்டு மூன்று அறைகளில் அந்தக் கிரில்களைக் கழற்றி, கைப்பேசியை உள்ளே நீட்டி விளக்கெரியப் படம் எடுங்கள். விரலால் தடவினால் மெல்லிய சாம்பல் பூச்சு மட்டும் வருகிறதா, அல்லது கம்பளித் துணிபோலத் திரண்ட தூசி உரிந்து வருகிறதா என்று பாருங்கள். முன்னது எந்த வீட்டிலும் இருக்கும். ஒரு எச்சரிக்கை: உங்களுடையது பழைய வீடு. குழாய் இணைப்புகளின்மீது வெள்ளைக் காகிதம் போன்ற பட்டையோ அட்டை போன்ற உறையோ சுற்றியிருந்தால் அதைத் தொடாதீர்கள். அது மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும் இழைகள் கொண்ட ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அப்படியானால், அதற்கென்றே பயிற்சி பெற்றவர் வந்து பார்க்கும்வரை துப்புரவுப் பணியைத் தொடங்கவே கூடாது.

தேவை இருப்பதாகத் தெரிந்தால், அடுத்து நிறுவனம். வேலை எப்படி நடக்க வேண்டும் என்பது தெரியாமல் வேலை செய்பவரை எடைபோட முடியாது. ஆகவே அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். முறையான பணியில், ஆற்றல்மிக்க உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை முதன்மைக் குழாயில் இணைத்து, அமைப்பு முழுவதையும் வெளிக்காற்றை விடக் குறைந்த அழுத்தத்தில் வைத்திருப்பார்கள். எல்லாக் கிரில்களையும் மூடிவிட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திறந்து, அதன் வழியாகச் சுழலும் தூரிகையையோ, அழுத்தக் காற்றால் துள்ளும் சாட்டை போன்ற கருவியையோ உள்ளே செலுத்தி, ஒட்டியிருக்கும் அழுக்கை உதிர்ப்பார்கள். உதிர்வதெல்லாம் உறிஞ்சும் இயந்திரத்தை நோக்கி ஓடும். வேலை முடியும்வரை அந்த உறிஞ்சல் நிற்கக் கூடாது, ஏனென்றால் அது நின்றால் உதிர்ந்த தூசி உங்கள் படுக்கையறைக்குத்தான் வரும். இயந்திரம் வெளியே நிற்கும் வண்டியில் இருந்தாலும் சரி, கையில் தூக்கி வரும் வகையாக இருந்தாலும் சரி, அதில் எனக்கு வேறுபாடு இல்லை. ஆனால் அது வெளியேற்றும் காற்று வீட்டுக்குள்ளேயே விடப்படுமானால், 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

குழாய் மட்டுமே அமைப்பு அன்று. காற்றைத் தள்ளும் ப்ளோயர், காற்றைக் குளிர்விக்கும் காயில், காயிலிலிருந்து வழியும் நீரைத் தாங்கும் தட்டு ஆகிய மூன்றையும் விட்டுவிட்டுக் குழாயை மட்டும் துடைத்தால், அந்த அழுக்கு சில வாரங்களிலேயே திரும்பக் குழாய்க்குள் பரவிவிடும். ஒரு நிறுவனத்தை நான் அளக்கும் முதல் அளவுகோல் இதுதான். "காயிலையும் ப்ளோயரையும் திறப்பீர்களா?" என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். தெரிந்தவர், உங்கள் இயந்திரம் எங்கே இருக்கிறது, எத்தனை ஆண்டு பழையது, குழாய் தகரமா, வளையும் வகையா, உள்ளே இழைப்பட்டை இருக்கிறதா என்று உங்களிடமே திருப்பிக் கேட்பார். வளையும் குழாயில் முரட்டுத் தூரிகை பட்டால் உள்ளுறை கிழியும். இழைப்பட்டை ஒட்டிய குழாயில் மென்மயிர்த் தூரிகைதான் ஆகும். இந்த வேறுபாட்டைக் கேட்காமலேயே கட்டணத்தைச் சொல்லிவிடுபவருக்கு எல்லா வீடும் ஒன்றே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். முந்தைய மாதம்தான் குழாய் சுத்தம் செய்ததாகவும், ஆனாலும் காற்று சரியாக வரவில்லை என்றும் அந்த வீட்டு அம்மா சொன்னார். செய்தவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போனார்களாம். கிரில்லைக் கழற்றிப் பார்த்தேன். கை எட்டும் தூரம்வரை தகரம் பளபளத்தது. அதற்கப்பால் கேமராவை விட்டபோது, பளபளப்பு முடிந்த இடத்தில் ஒரு கோடு கிழித்ததுபோலச் சாம்பல் நிறத் தூசிப் படலம் தொடங்கி, முதன்மைக் குழாய்வரை அப்படியே நீண்டது. ப்ளோயர் சக்கரத்தின் ஒவ்வொரு இதழிலும் விரல் கனத்துக்கு அழுக்கு உறைந்திருந்தது. கூரைக்கு மேலே ஏறிப் பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது: கருவியை நுழைப்பதற்காக முதன்மைக் குழாயில் வெட்டிய துளையைத் துணிநாடாவால் ஒட்டி மூடியிருந்தார்கள். அது ஒரு பக்கம் உரிந்து, குளிர்ந்த காற்று கூரைவெளியில் வீணாகிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஈரம் கோத்திருந்தது. அதாவது, பூஞ்சையைத் தடுப்பதற்கென்று பணம் வாங்கியவர்கள், பூஞ்சை வளர இடம் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த அம்மாவின் முகத்தை நான் மறக்கவில்லை.

துணிநாடாவுக்கு 'டக்ட் டேப்' என்று பெயர் இருப்பதால் பலரும் அதை நம்பிவிடுகிறார்கள். 1998-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் குழாய்களை அடைக்கப் பயன்படும் பொருள்களைச் சூட்டிலும் குளிரிலும் வைத்துச் சோதித்தபோது, துணியும் ரப்பர் பசையும் கொண்ட இந்த நாடாதான் மிக மோசமாகத் தோற்றது. வெட்டிய துளையைத் தகரத் துண்டு வைத்துத் திருகாணியால் இறுக்கி, மேலே குழாய்க்குரிய அடைப்புப் பசையையோ உலோகத்தாள் நாடாவையோ பூசி ஒட்ட வேண்டும். "துளையை எதனால் மூடுவீர்கள்?" என்பது சிறிய கேள்வி, ஆனால் அதற்கு வரும் விடையிலேயே ஆளின் தரம் தெரிந்துவிடும்.

மருந்து தெளிப்பு குறித்து நான் கடுமையாகவே இருக்கிறேன். சுத்தம் முடிந்ததும் கிருமிநாசினிப் புகை அடிப்பதாகவும், அது இலவசம் என்றோ கட்டாயம் என்றோ சொல்வார்கள். குழந்தை இருமிக்கொண்டிருக்கும் வீட்டில், அவன் மூச்சிழுக்கும் காற்று வரும் பாதையில் ஒரு வேதிப்பொருளைத் தெளிக்க நான் எளிதில் ஒப்பமாட்டேன். அழுக்கை அகற்றாமல் அதன்மேல் மருந்தடிப்பதால் பயனில்லை. அழுக்கை முழுமையாக அகற்றிய வெறும் தகரத்தில் பெரும்பாலும் மருந்துக்கு வேலையே இராது. கண்ணாடி இழைப்பட்டை ஒட்டிய குழாய்களுக்கென்று எந்தக் கிருமிநாசினியையும் தான் பதிவு செய்யவில்லை என்று முன்சொன்ன அமெரிக்க முகமை தன் வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. நனைந்து பூஞ்சை பிடித்த இழைப்பட்டையைச் சுத்தம் செய்து மீட்க முடியாது. அதை எடுத்துவிட்டுப் புதிது போடுவதே வழி. அழுக்கின்மேல் பூச்சடித்து மறைக்கும் முறையையும், ஆட்கள் இருக்கும் வீட்டில் ஓசோன் விடுவதையும் முன்மொழிபவரை அத்துடன் விட்டுவிடுங்கள். மருந்து தேவை என்று எவரேனும் வலியுறுத்தினால், அதன் பெயர், காற்றுக்குழாயில் பயன்படுத்தலாம் என்று அச்சிட்ட லேபிள், பாதுகாப்புத் தரவுத் தாள் ஆகியவற்றை முன்கூட்டியே கேட்டு வாங்கி, மகனின் மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

சான்றிதழ்கள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இத்துறையில் பரவலாக அறியப்பட்ட அமைப்பு, 1989-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட நாட்கா என்ற காற்றுக்குழாய்த் துப்புரவாளர் சங்கம். ஆய்வு, துப்புரவு, மீட்பு ஆகியவற்றுக்கென ஏ.சி.ஆர். என்ற தர வரையறையை அது வெளியிட்டிருக்கிறது. உறுப்பினராகும் நிறுவனத்தில் ஏ.எஸ்.சி.எஸ். என்ற தேர்வில் தேறிய ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஐரோப்பாவில் இ.என். 15780 என்ற தரம் காற்றுக்குழாய்களின் தூய்மையை வரையறுக்கிறது. நிறுவனத்தார் எந்தத் தரத்தைப் பின்பற்றுகிறார்கள் என்று கேளுங்கள். தேர்வில் தேறியவர் உங்கள் வீட்டுக்கு வருவாரா, அலுவலகச் சுவரில் சான்றிதழாக மட்டும் தொங்குவாரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். உறுப்பினர் என்று சொன்னால் சங்கத்தின் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள், இலச்சினையை எவரும் வண்டியில் ஒட்டிக்கொள்ளலாம். உங்கள் பகுதியில் இந்தத் தொழிலுக்கு உரிமம் தேவையென்றால் அதன் எண்ணையும், பணியின்போது சேதம் ஏற்பட்டால் ஈடு செய்யும் காப்பீட்டுச் சான்றையும் வாங்கிப் பாருங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை எந்தத் துப்புரவு நிறுவனத்துக்கும் சான்று தருவதில்லை, எவரையும் பரிந்துரைப்பதும் இல்லை. அதன் ஒப்புதல் பெற்றவர்கள் என்று ஒருவர் சொன்னால் அது பொய்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, வீட்டைப் பார்க்காமல் தொலைபேசியில் சொல்லப்படும் மிகக் குறைந்த தொகைதான் பெரும்பாலான ஏமாற்றுகளின் வாசல். கிரில் ஒன்றுக்கு இவ்வளவு என்று தொடங்குவார்கள். வந்தபின் முதன்மைக் குழாய் தனி, ரிட்டர்ன் பக்கம் தனி, காயில் தனி, மருந்து தனி என்று கணக்கு ஏறும், அதற்குள் கிரில்கள் கழன்று தரையில் கிடக்கும். ஆகவே குறைந்தது மூன்று நிறுவனங்களை நேரில் வரவழைத்து, அமைப்பைத் திறந்து பார்த்தபின் எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். எந்தெந்தப் பகுதிகள் சுத்தம் செய்யப்படும், எந்த முறையில், எத்தனை பேர், எவ்வளவு நேரம், மொத்தத் தொகை எவ்வளவு, கூடுதல் பணி தேவைப்பட்டால் உங்கள் ஒப்புதல் இல்லாமல் செய்யக்கூடாது என்பவை அதில் இருக்க வேண்டும். மூவரில் ஒருவர், "இப்போதைக்கு இந்த வேலை வேண்டாம், ஃபில்டரை மாற்றி காயிலைக் கழுவினால் போதும்" என்று சொல்லக்கூடும். அவருடைய எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் எந்த ஏசி வேலைக்கும் அவரைத்தான் நான் முதலில் அழைப்பேன்.

பழைய வாடிக்கையாளர்களிடம் விசாரிக்கும்போது "நன்றாகச் செய்தார்களா?" என்று கேட்டால் "நன்றாகத்தான் செய்தார்கள்" என்ற விடைதான் வரும். காலையில் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போனார்கள், சொன்ன தொகையும் கொடுத்த தொகையும் ஒன்றா, முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கொடுத்தார்களா என்று கேளுங்கள். ஒரு வீட்டின் அமைப்பை முறையாகச் சுத்தம் செய்ய இரண்டு பேருக்குப் பல மணி நேரம் பிடிக்கும். இணையத்தில் உள்ள மதிப்புரைகளில், ஒரே வாரத்தில் ஒரே தொனியில் குவிந்த பாராட்டுகளைத் தள்ளிவிட்டு, குறை சொன்னவர்களுக்கு நிறுவனம் எப்படிப் பதில் எழுதியிருக்கிறது என்பதைப் படியுங்கள்.

வேலை நடக்கும் நாளில் நீங்கள் வீட்டிலேயே இருங்கள். மகனை மட்டும் அன்றைக்கு உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தொடங்கும் முன், நீங்கள் சுட்டும் நான்கைந்து இடங்களில் உங்கள் கண்முன்னே படம் எடுக்கச் சொல்லுங்கள். முடிந்தபின் அதே இடங்களில், அதே கோணத்தில் மீண்டும் எடுக்க வேண்டும். படத்தில் உங்கள் வீட்டுக்கே உரிய ஓர் அடையாளம் தெரியட்டும், கிரில்லின் ஓரத்தில் நீங்கள் எழுதி ஒட்டிய ஒரு தாள் போதும். வேறு வீட்டுப் படத்தைக் காட்டும் வழக்கம் இந்தத் தொழிலில் இருப்பதால்தான் இதைச் சொல்கிறேன். பின்னர் காயிலின் மெல்லிய தகடுகளுக்கிடையே டார்ச் ஒளி மறுபக்கம் ஊடுருவுகிறதா, நீர்த்தட்டு காலியாக வடிகிறதா, ப்ளோயர் இதழ்கள் உலோக நிறத்தில் இருக்கின்றனவா, வெட்டிய துளைகள் இறுக மூடப்பட்டிருக்கின்றனவா, புதிய ஃபில்டர் மாட்டப்பட்டதா என்று பாருங்கள். குழாயின் உட்புறத்தில் வெறும் கண்ணுக்குத் தூசி தெரியக் கூடாது. இவ்வளவும் பார்க்கும்வரை தொகையின் ஒரு பகுதியை நிறுத்திவைக்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். நேர்மையான நிறுவனத்தார் இதற்கு முகம் சுளிப்பதில்லை.

மகனின் இருமலைப் பற்றி. நான் மருத்துவன் அல்லேன். குழாயைச் சுத்தம் செய்தால் இருமல் போய்விடும் என்று உறுதி கூற எவருக்கும் தகுதியில்லை, அப்படிக் கூறும் நிறுவனத்தை அந்த ஒரு வாக்கியத்துக்காகவே விலக்கிவிடலாம். முதலில் அவனை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் நீங்கள் உடனே செய்யக்கூடியது ஈரத்தைத் தேடுவது. பூஞ்சை தூசியால் மட்டும் வளர்வதில்லை, அதற்கு ஈரம் வேண்டும். காயிலின் கீழே உள்ள தட்டில் நீர் தேங்குகிறதா, வடிகுழாய் அடைத்திருக்கிறதா, கூரைவெளியில் குழாயின் உறை கிழிந்து வேர்க்கிறதா, குளியலறைக் காற்று வெளியேறாமல் உள்ளேயே சுற்றுகிறதா என்று பாருங்கள். அந்த ஈரத்தை நிறுத்தாமல் எத்தனை முறை குழாயைச் சுத்தம் செய்தாலும் பூஞ்சை திரும்பி வரும். ஃபில்டரை எடுத்துப் பாருங்கள். முந்தைய வீட்டுக்காரர் காலத்தது இன்னும் மாட்டியிருந்தால், அதன் சட்டகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் அளவில் புதியதாக மாற்றுங்கள்.

அந்த நிறுவனம் மீண்டும் அழைத்தால், அவர்கள் எடுத்த படத்தையும், செய்யப்போவதாகச் சொன்ன வேலையின் விவரத்தையும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பினால் அதையும் மற்ற மதிப்பீடுகளோடு வைத்து ஒப்பிடலாம். நீங்களே எடுக்கும் படங்களையும், மூன்று மதிப்பீடுகளையும், பரிசோதனைக்கூடத்தின் முடிவையும் எனக்கு அனுப்பிவையுங்கள். உங்கள் வீட்டுக்கு இந்த வேலை தேவையா, தேவையென்றால் மூவரில் எவருடைய திட்டம் பொருத்தமானது என்று பார்த்து எழுதுகிறேன்.